பூட்டு எங்கே தேய்கிறது?

(மடக்குக் கத்திகளைப் பற்றி ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குமுன் என் வலது கை ஆள்காட்டி விரலைப் பாருங்கள். நடு மூட்டுக்குச் சற்றுக் கீழே குறுக்காக ஒரு வெள்ளைத் தழும்பு. நான்கு தையல் போட்ட இடம். டூல் ரூமில் ரப்பர் கேஸ்கெட் ஷீட் அறுத்துக்கொண்டிருந்தேன். அலகு ஷீட்டுக்குள் சிக்கிக்கொண்டது. உருவி எடுப்பதற்காகப் பிடியை மேலும் கீழும் ஆட்டினேன். விசை அலகின் முதுகுப் பக்கம் போன அந்த ஒரு நொடியில் பூட்டு நழுவி, கத்தி என் விரல்மேலேயே மடங்கிவிட்டது.

அந்தக் கத்தியில் எதுவும் முறியவில்லை. எதுவும் வளையவில்லை. கழுவித் துடைத்துத் திறந்தபோது 'டக்' என்று புதுக் கத்திபோலவே பூட்டிக்கொண்டது. இரண்டு வருடம் தினமும் சட்டைப்பையில் இருந்த கத்தி. அந்த இரண்டு வருடத்தில் பூட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, தான் இருக்க வேண்டிய இடத்தை விட்டு வேறோர் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. முப்பது வருடம் மைக்ரோமீட்டரோடு வாழ்ந்தவன் நான். என் பையில் இருந்த பொருளை ஒரு தடவைகூட உற்றுப் பார்க்கவில்லை.

கத்தி விற்கிறவர்கள் பூட்டின் பலத்தைச் சொல்லித்தான் விற்கிறார்கள். இத்தனை கிலோ தொங்கவிட்டோம், தாங்கியது என்று படம் காட்டுகிறார்கள். காட்டுவது உண்மைதான். ஆனால் அது அன்றைக்குப் பெட்டியிலிருந்து எடுத்த கத்தியின் பலம். ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடிய கத்திக்கு அந்தக் கணக்கு செல்லாது. எல்லாப் பூட்டும் தேயும். தேயும்போது அந்தத் தேய்மானம் எங்கே போய்ச் சேருகிறது? அதற்கு இடம் விட்டுச் செய்திருக்கிறார்களா? தேய்ந்தது கண்ணுக்குத் தெரியுமா? இப்போதெல்லாம் ஒரு மடக்குக் கத்தியைக் கையில் எடுத்தால் நான் கேட்பது இவ்வளவுதான்.

பூட்டு என்றால் என்ன என்பதில் முதலில் ஒரு தெளிவு வேண்டும். தாத்தா காலத்துப் பேனாக்கத்தியில் பூட்டே கிடையாது. பிடியின் முதுகில் ஓர் எஃகு வில் இருக்கும். அது அலகின் அடிப்பாகத்தை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அடிப்பாகத்தைக் குதி என்று சொல்லிக்கொள்வோம், இந்த உரை முழுக்க அந்தச் சொல் வரும். வில் குதியை அழுத்துவதால் அலகு திறந்த நிலையில் நிற்கும். கொஞ்சம் பலமாக அழுத்தினால் மடங்கும். சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் செய்து, 1897-இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியின் அலகும் இந்த வகைதான். இதில் வில் தளர்ந்தால் கைக்கு உடனே தெரிந்துவிடும். யாரும் அதை நம்பிக் கையை ஓங்குவதில்லை. பூட்டு உள்ள கத்தியில்தான் நம் விரல் அதை நம்புகிறது; அந்த நம்பிக்கைதான் ஆபத்தும்.

முதலில் எனக்கு மிகவும் பிடித்த கத்தி. இது பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியைச் சேர்ந்த ஒபினெல். 1890-இல் ஜோசப் ஒபினெல் என்பவர் தன் ஊர்க் குடியானவர்களுக்காகச் செய்யத் தொடங்கியது. பீச் மரத்தில் ஒரு பிடி, ஓர் அலகு, ஒரு ரிவிட், ஒரு வளையம். அறுபத்தைந்து வருடம் பூட்டு இல்லாமலேதான் விற்றது. 1955-இல் மார்செல் ஒபினெல் இந்தச் சுழலும் வளையத்தைச் சேர்த்தார். அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால், வளையத்தின் விளிம்பு குதிக்குப் பின்னால் வந்து அடைத்துக்கொள்ளும்.

அருகில் வந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். வளையத்தின் அந்த விளிம்பு நேராக இல்லை, லேசாகச் சாய்ந்திருக்கிறது. திருப்பத் திருப்ப இறுகும். இந்தக் கத்தி என்னிடம் இருபது வருடமாக இருக்கிறது. வாங்கியபோது வளையம் கொஞ்சம் திரும்பியதுமே நின்றுவிடும். இப்போது அதைவிட நன்றாகத் தள்ளிப் போய்த்தான் நிற்கிறது. தேய்ந்த அளவுக்கு நாம் கூடுதலாகத் திருப்புகிறோம், அவ்வளவுதான். அலகில் ஆட்டம் இல்லை. பூட்டுக்கு எத்தனை வயது என்பது வளையம் நிற்கும் இடத்திலேயே எழுதியிருக்கிறது. மரம் ஈரத்தில் ஊதினால் அலகு திறக்க மறுக்கும். அப்போது பிடியின் அடிநுனியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது அது.

அடுத்தது முதுகுப் பூட்டு. அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964-இல் கொண்டுவந்த 110 என்ற கத்தி இதை உலகம் முழுக்கப் பரப்பியது. பித்தளையும் மரமும் சேர்ந்த கனமான பிடி. முதுகில் ஒரு நெம்புகோல், அதன் நுனியில் ஒரு பல், குதியில் ஒரு பள்ளம். அலகு திறந்ததும் பல் பள்ளத்தில் விழும். பூட்டு நடுக்கோட்டில் இருப்பதால் பலமானது. விரலைப் போட்டு அழுத்தினாலொழிய விடாது.

இதன் தேய்மானம் வேறு விதம். பல்லும் பள்ளமும் தேய்ந்தால் அலகு மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கும். மிகச் சிறிய தேய்மானம்தான், ஆனால் கணக்கைப் பாருங்கள். அச்சாணியிலிருந்து பல் இருக்கும் தூரம் 8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அலகின் நுனி 80 மி.மீ. தள்ளி இருக்கிறது. பல்லில் 0.05 மி.மீ. தேய்ந்தால் நுனியில் அரை மில்லிமீட்டர் ஆடும். கையில் பிடித்தால் கத்தியே தளர்ந்துபோனதுபோல் தோன்றும். பலர் அந்த ஆட்டத்துக்குப் பயந்து கத்தியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்த அளவு ஆட்டத்தால் பூட்டு விட்டுவிடாது. முதுகுப் பூட்டை உண்மையில் கெடுப்பது பள்ளத்துக்குள் சேரும் பஞ்சும் மண்ணும்தான். பையில் இருக்கும் நூல் துணுக்குகள் எண்ணெயில் ஊறிக் களிம்பாகிப் பள்ளத்தில் அடைந்துகொண்டால் பல் அடிவரை இறங்காது. 'டக்' என்ற சத்தம் மட்டும் வரும். ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்துப் பள்ளத்தை வாரம் ஒரு தடவை சுரண்டிவிடுங்கள். அந்த வேலை செய்யாமல் பூட்டைக் குறை சொல்லாதீர்கள்.

இனி என் விரலை வெட்டிய வகைக்கு வருகிறேன். லைனர் லாக் என்கிறார்கள். பிடியின் உள்பக்கம் ஓர் உலோகத் தகடு. அந்தத் தகட்டிலேயே ஒரு நாக்கு வெட்டி உள்பக்கமாக வளைத்திருப்பார்கள். அலகு திறந்ததும் நாக்கு பக்கவாட்டில் நகர்ந்து குதிக்குப் பின்னால் போய் நிற்கும். தகட்டையே பூட்டாக்கும் எண்ணம் பழையது. அமெரிக்க ராணுவத்தின் டி.எல்-29 என்ற எலக்ட்ரீஷியன் கத்தியில் ஸ்க்ரூடிரைவர் அலகை நிறுத்திப் பிடித்ததும் இப்படியொரு தகடுதான். 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற கத்திக் கலைஞர் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நாக்கின் நுனி குதியின் பின்முகத்தில் முட்டி நிற்கும்படி செய்தார். மூடிய கத்தி தானாகத் திறந்துவிடாமல் இருக்க நாக்கில் ஒரு சின்ன எஃகுக் குண்டையும் பதித்தார்.

குதியின் பின்முகம் செங்குத்தாக இருக்காது, சாய்வாக இருக்கும். கதவு மூடாமல் இருக்க நாம் அடியில் ஆப்பு வைக்கிறோமே, அதே வேலைதான். இந்தச் சாய்வில்தான் எல்லாமே இருக்கிறது. சாய்வு அதிகமானால் ஆப்பு வெளியே வழுக்கும். குறைவானால் ஆப்பு இறுகி ஒட்டிக்கொள்ளும். மூடுவதற்குள் கட்டைவிரல் நகம் பிய்ந்துவிடும். நடுவில் ஏறக்குறைய 8 டிகிரி என்பது பலரும் பிடித்திருக்கும் அளவு.

8 டிகிரியின் டேன் மதிப்பு 0.14. இதற்கு என்ன அர்த்தம்? நாக்கின் நுனியில் 0.1 மி.மீ. தேய்ந்தால், அந்த இடைவெளியை நிரப்ப நாக்கு பக்கவாட்டில் 0.7 மி.மீ. நகர வேண்டும். ஏழு மடங்கு. அலகு 3 மி.மீ. தடிமன் என்றால், புதுக் கத்தியில் நாக்கு அதில் 1 மி.மீ. வரை வந்து நிற்கும். பாக்கி 2 மி.மீ. அந்த 2 மி.மீ.யும் ஓடித் தீர்வதற்கு மொத்தம் 0.28 மி.மீ. தேய்ந்தால் போதும். ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன். அவ்வளவுதான் அந்தப் பூட்டின் முழு ஆயுள்.

இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். அந்த ஏழு மடங்குதான் நமக்குக் கிடைத்த கண். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தேய்மானத்தை வெறும் கண்ணால் யாரும் பார்க்க முடியாது. ஆனால் நாக்கு நகர்ந்திருப்பதைப் பார்க்கலாம். கத்தியைத் திறந்து, பிடியின் முதுகுப் பக்கமாக வெளிச்சத்தில் பிடியுங்கள். குதியின் அகலத்தில் நாக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும். வாங்கிய அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும், எந்தக் கருவியும் வேண்டாம்.

என் கத்திக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தையல் பிரித்த பிறகு அதைக் கழற்றினேன். டூல் ரூமில் இரண்டு முகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் படிகின்றனவா என்று பார்க்க நீலம் பூசிப் பார்ப்போம். குதியின் பின்முகத்தில் மெல்லிசாக நீலம் தடவி, பத்து தடவை திறந்து மூடினேன். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நாக்கின் முழு முகத்திலும் படிய வேண்டிய நீலம் கீழ் மூலையில் மட்டும், வெட்டிப் போட்ட நகத்துணுக்கு அளவுக்கு, ஒரு பிறைபோலப் படிந்திருந்தது. அந்தப் பிறை கண்ணாடிபோல் பளபளத்தது. அதன் ஓரத்தில் உலோகம் பிதுங்கிப் பிசிறாக நின்றது. மற்ற இடமெல்லாம் தொழிற்சாலையில் அறுத்த கோடுகூட அழியாமல் இருந்தது. இரண்டு வருடமாக என் கத்தி அந்த ஒரு மூலையை நம்பித்தான் நின்றிருக்கிறது.

1953-இல் ஆர்ச்சர்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தேய்மானத்துக்கு ஒரு எளிய விதி எழுதினார். தேய்ந்து போகும் உலோகத்தின் கன அளவு, அழுத்தும் விசைக்கும் உரசும் தூரத்துக்கும் ஏற்றபடி கூடும். கடினத்துக்கு ஏற்றபடி குறையும். இதில் தொடும் பரப்பு வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பரப்பு சிறிதோ பெரிதோ, போகும் உலோகத்தின் அளவு ஒன்றுதான். ஆனால் அதே அளவு உலோகம் ஒரு சின்ன மூலையிலிருந்து மட்டும் போனால் ஆழமாகத் தோண்டிக்கொண்டு போகும். முழு முகத்திலும் பரவிப் போனால் ஆழம் தெரியாது. நல்ல கத்தியில் முதல் சில வாரங்கள் நாக்கு சற்று வேகமாக நகர்ந்து, பிறகு நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். மேடான இடங்கள் முதலில் தேயும், தொடும் பரப்பு விரியும், பிறகு நகர்வு மெதுவாகும். படிந்துவிட்டது என்று மெக்கானிக்குகள் சொல்வார்களே, அது. முதல் மாத நகர்வைப் பார்த்துப் பதற வேண்டாம். மூன்றாவது மாதமும் நகர்ந்துகொண்டே இருந்தால் நீலம் பூசிப் பாருங்கள். நீலம் கிடைக்காவிட்டால் ஒரு மார்க்கர் பேனா போதும்.

என் கத்தியில் இன்னொரு தப்பும் இருந்தது. பின்முகத்தின் சாய்வை அளந்தபோது 14 டிகிரி வந்தது. டேன் மதிப்பு 0.25. ஆப்பு வழுக்காமல் நிற்க வேண்டுமென்றால் உராய்வு எண் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். உலர்ந்த எஃகுக்கு அது இருக்கும். எண்ணெய் பட்ட எஃகுக்கு 0.1-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். நான் அக்கறையாக வாராவாரம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன், பூட்டு முகத்திலும் சேர்த்து. தயவுசெய்து இதை மட்டும் நினைவில் வையுங்கள். எண்ணெய் அச்சாணிக்கு, ஒரே ஒரு சொட்டு. பூட்டின் முகத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள்.

நாக்குத் தகட்டைத் தடிமனாக்கி, பிடியின் ஒரு பக்கத்தையே பூட்டாக்கியவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கிறிஸ் ரீவ். அவருடைய செபென்சா என்ற கத்தி 1980-களின் இறுதியில் உருவானது. ஜூலு மொழியில் அந்தச் சொல்லுக்கு வேலை என்று பொருள். பிடி முழுக்க டைட்டானியம். வில்போல வளையும், துரு பிடிக்காது, எடை குறைவு. ஆனால் டைட்டானியத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எஃகோடு அழுத்தி உரசினால் ஒட்டிப் பிய்ந்துகொண்டு வரும். கடினத்தைப் பார்த்தாலும் அலகின் எஃகு ராக்வெல் அளவில் 60-க்குப் பக்கம். கத்திகளுக்குப் பயன்படும் டைட்டானியக் கலவை 36-க்குப் பக்கம். ஆர்ச்சர்ட் விதிப்படி யார் தேய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பிரச்சினைக்கு ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மின்பொறியால் பூட்டு முகத்தில் டங்ஸ்டன் கார்பைடைப் பதித்துக் கடினமாக்கினார்கள் சிலர். முகத்தில் ஒரு சின்ன எஃகுத் துண்டைத் திருகி வைத்தார்கள் வேறு சிலர். ரீவின் நிறுவனமே பிற்காலத்தில் பூட்டு முகத்தில் ஒரு பீங்கான் குண்டை வைத்தது. இவற்றில் என் மதிப்பைப் பெற்றது திருகி வைத்த எஃகுத் துண்டுதான். அது தேயும், கழற்றலாம், புதிது போடலாம். தேய்மானத்தை ஒரு துண்டுக்குள் அடைத்து, அந்தத் துண்டை மாற்றக்கூடியதாகவும் செய்திருக்கிறார்கள். பிடியே பூட்டாக இருக்கும் கத்தியில் முகம் தேய்ந்தால் பிடியையே மாற்ற வேண்டும். அது யார் கைக்கும் எட்டாத செலவு.

எல்லோரும் பூட்டின் முகத்தையே பார்க்கிறார்கள். நிறுத்தூசியைப் பார்ப்பதில்லை. திறந்த அலகு மேலே போகாமல் தடுத்து நிறுத்தும் அந்தச் சின்ன உருளை. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் குதி அதன்மேல்தான் வந்து அடிக்கிறது. மெதுவாகத் திறந்தால் மெதுவான அடி. இப்போது இளைஞர்கள் விரலால் தட்டி, மணிக்கட்டை உதறி, 'சடார்' என்று திறக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அடியின் ஆற்றல் நான்கு மடங்கு. அந்த அடி ஊசியிலும் குதியிலும் ஒரு பள்ளத்தைப் போடும். பள்ளம் விழுந்தால் அலகு முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திறக்கும். குதிக்குப் பின்னால் இடம் கூடும். நாக்கு அந்த இடத்துக்கு நகரும். பூட்டு முகம் துளியும் தேயாமலேயே பூட்டு தேய்ந்ததுபோலத் தெரியும்.

இதற்கு ஒரு நல்ல வைத்தியம் உண்டு. ஊசி திருகில்லாமல் சும்மா செருகியிருந்தால், அதைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். புதிய முகம் கிடைக்கும். இன்னும் சரியான வழி, சற்றுப் பருத்த ஊசி. 4 மி.மீ. ஊசிக்குப் பதிலாக, குதி வந்து மோதும் இடத்தில் மட்டும் 4.1 மி.மீ. இருக்கும்படி ஓர் ஊசி கடைந்து போட்டேன் ஒரு நண்பரின் கத்திக்கு. பக்கத்துக்கு 0.05 மி.மீ. கூடுதல். அதே ஏழு மடங்குக் கணக்கில் நாக்கு ஏறக்குறைய 0.35 மி.மீ. பின்வாங்கி வந்து நின்றது. எதிர்ப்பக்கத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த பூட்டு அதை விட்டு விலகி வந்துவிட்டது. கடைசலில் அரை மணி நேர வேலை. அந்த நண்பர் கத்தியைக் குப்பையில் போட இருந்தார்.

இன்னும் இரண்டு பூட்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தேய்மானத்தை முதலிலேயே யோசித்துச் செய்தவை அவை. பெஞ்ச்மேட் நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த ஆக்சிஸ் பூட்டு ஒன்று. பிடியின் இரண்டு பக்கத் தகடுகளிலும் சாய்வான தடம்; அதில் குறுக்கே ஓர் எஃகுத் தண்டு; அதை முன்னால் தள்ள இரண்டு மெல்லிய கம்பி வில்கள். தேயத் தேயத் தண்டு தன் தடத்தில் முன்னேறும். பலவீனம் தண்டில் இல்லை, வில்லில். முடிபோன்ற கம்பி, வளைந்து வளைந்து சோர்ந்து ஒரு நாள் ஒடியும். ஒன்று ஒடிந்தாலும் மற்றது தண்டைத் தள்ளும் என்பதால் கத்தி உடனே மடங்கிவிடாது. தண்டு மெதுவாகிவிட்டதாகத் தோன்றினால் ஒரு வில் போய்விட்டது என்று அர்த்தம்.

மற்றது ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்த ட்ரை-ஆட். பார்வைக்கு முதுகுப் பூட்டுத்தான். ஆனால் குதிக்கும் நெம்புகோலுக்கும் நடுவில் ஒரு நிறுத்தூசி. அடியையும் சுமையையும் அது வாங்கிக்கொள்கிறது. நெம்புகோலின் அச்சுத் துளையைச் சற்று நீள்வட்டமாக விட்டிருக்கிறார். தேய்ந்த அளவுக்கு நெம்புகோல் நகர்ந்து உட்கார இடம். பொதுவாக ஒரு துளை நீள்வட்டமானால் பழுது என்போம். இங்கே அதையே வேண்டுமென்று செய்திருக்கிறார். முதல் தடவை கழற்றிப் பார்த்தபோது அந்தத் துளையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலகின் முதுகை மேசையில் ஓங்கி அடித்துப் பூட்டைச் சோதிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. செய்யாதீர்கள். நல்ல பூட்டையும் அந்த அடி கெடுக்கும். அதோடு அந்த நேரத்தில் விரல் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தடித்த கையுறை போட்டுக்கொண்டு, அலகு வரும் பாதையில் விரல் இல்லாமல் பிடித்து, முதுகை மெதுவாகக் கூட்டிக்கூட்டி அழுத்துங்கள். பிறகு அழுத்தியபடியே பிடியை லேசாக முறுக்கிப் பாருங்கள். என் கத்தி நேர் அழுத்தத்துக்கு நின்றது, முறுக்கியதும் விட்டது.

பக்கத்து மேசையில் ஒன்பது கத்திகள் வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி இருக்கிறது, மார்க்கர் இருக்கிறது, ஸ்பிரிட் இருக்கிறது. வரிசையில் வந்து எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பூட்டு எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள், நான் அதன் வயதைச் சொல்கிறேன். இடது ஓரத்தில் சிவப்பு நூல் கட்டியிருப்பது மட்டும் வேண்டாம். அதன் நாக்கு எதிர்ப்பக்கத் தகட்டைத் தொட்டுவிட்டது. அது என் கையில்தான் இருக்கும்.